உறுப்பினர் எண் நாற்பத்தொன்று

மெடல் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா சார்? பஸ் குலுங்கினால் அப்படித்தான், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கையால் பொத்திக்கொள்கிறேன். மொத்தம் ஏழு. அதில் ஒன்றுதான் சண்டைக்கு. மீதி ஆறும் இன்ன இடத்தில் இருந்ததற்கு, இத்தனை வருடம் இருந்ததற்கு, சுதந்திரம் வந்து இத்தனை வருடம் ஆனபோது நானும் இருந்ததற்கு. பட்டாளத்தில் இருந்ததற்கும் மெடல் உண்டு சார். இருப்பது லேசான காரியமா?

நான் ஹானரரி கேப்டன் வரதராஜுலு. செங்காட்டுப்பேட்டை முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாகத் தலைவர். வேலூர்வரைக்கும் போகிறேன், படைவீரர் நல ஆபீஸில் ஒரு மனு கொடுக்க. இதோ, இந்தக் கவரில் இருக்கிறது.

யார் மேல் என்கிறீர்களா? எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவன் மேல்தான். உறுப்பினர் எண் நாற்பத்தொன்று, தனகோட்டி. இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, தலைவர் அனுமதி இல்லாமல், மேடையில் வைத்திருந்த படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாலை போட்ட படம் சார். போகிற வழியெல்லாம் பூ உதிர்ந்துகொண்டே போயிற்று.

யாருக்கு இரங்கல் கூட்டம் என்றால், அவன் மகளுக்குத்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். முழுதும் கேட்டுவிட்டுப் பாருங்கள். எல்லோரும் இந்த இடத்தில் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

பேப்பரில் படித்திருப்பீர்களே, பயிற்சிக்குப் போன ஜெட் விமானம் ராஜஸ்தான் பக்கம் மணலில் விழுந்தது, பெண் பைலட் இறந்துபோனாள் என்று. ஃப்ளைட் லெப்டினென்ட் ஹேமாவதி. இருபத்தேழு வயது. எங்கள் ஊர்ப் பெண்தான். இன்னும் சொல்லப்போனால் என்னால் பைலட் ஆன பெண். என்னால் என்றால், என் தாடியால்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

தனகோட்டி என் பட்டாலியனிலேயே இருந்தவன். சிப்பாய் ரேங்க், வேலை பார்பர். லடாக்கில் குளிரில் தண்ணீர் உறைந்து கிடக்கும். அதை உடைத்து ஸ்டவ்வில் வைத்து எனக்குச் சவரம் பண்ணுவான். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. நான் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தேன், அவன் எனக்கு முன்பே வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூன் வைத்திருந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சாப், வந்துட்டேன்" என்றான். வா என்று யாரும் சொல்லவில்லை. அவனே வந்தான். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறியது கிடையாது, இருபத்திரண்டு வருடம்.

அவன் மனைவி, பிரசவம் ஆகி நாலைந்து வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருவான்? கூடவே கூட்டி வருவான். வெந்நீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது என் பக்கத்தில் நிற்கும். என்னை 'சாப் தாத்தா' என்று கூப்பிடும். எனக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது சார். மீசை கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான். அதற்குத் தாத்தாவாம்.

எனக்குக் காலையில் இங்கிலீஷ் பேப்பர் படித்தாக வேண்டும். முகம் முழுக்க நுரை இருக்கும்போது எப்படிப் படிப்பது? ஒருநாள் விளையாட்டாக, "நீ படி பார்க்கலாம்" என்று அதன் கையில் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு தலைப்பைப் படிப்பதற்குள் சவரம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு இரண்டு தலைப்பு. ஐந்தாவது படிக்கும்போது தலையங்கம் படித்தது. உச்சரிப்பு தப்பாக இருந்தால் நான் விரலைத் தூக்குவேன். பேச முடியாதே, கத்தி ஓடிக்கொண்டிருக்குமே. விரலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மறுபடி சொல்லும். எட்டாவதில் விரல் தூக்குவதற்கு எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. என்.சி.சி.யில் சேர்ந்தது, வேலூர் காலேஜ், விமானப்படைப் பரீட்சை எல்லாம் அந்த இங்கிலீஷில்தான். அதனால்தான் சொன்னேன், என் தாடியால் என்று. இதை இரங்கல் கூட்டத்தில் பேசவும் எழுதி வைத்திருந்தேன். பேசக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடம் எல்லாம் ரேங்க்படிதான். நாற்காலி ரேங்க்படி, டீ ரேங்க்படி, குரூப் போட்டோ ரேங்க்படி. பட்டாளத்தில் சாதி கிடையாது சார், எங்கள் சங்கத்திலும் கிடையாது. ரேங்க் ஒன்றுதான். தனகோட்டி சேர்ந்தபோது அவன் எண் முப்பத்திரண்டு. பிறகு ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ரோல் ரேங்க்படி என்பதால் அந்த ஒன்பது பேரும் மேலே போனார்கள், இவன் ஒவ்வொரு படியாக இறங்கி நாற்பத்தொன்றுக்கு வந்தான். கடைசி எண்ணுக்கு டீ ட்யூட்டி. அது அன்றைக்கு யார் கடைசியோ அவர்களுக்கு. அவன்தான் எப்போதும் கடைசியாக இருந்தான் என்றால் நான் என்ன செய்வது? இதில் சாதி எங்கே வந்தது?

நீங்கள் கேட்கவில்லை. வேறு யாராவது கேட்டுவிடுவார்கள் என்று சொன்னேன்.

ரயில்வே கேட் போட்டுவிட்டான் போலிருக்கிறதே. நல்லது. நிதானமாகச் சொல்லலாம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஹேமா பயிற்சி முடித்து ஆபீஸராக ஊருக்கு வந்தாள். அன்றைக்குச் சங்கத்தில் மாதக் கூட்டம். தனகோட்டி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தான். இவள் நீல யூனிஃபார்மில், தலையில் தொப்பியோடு, ஸ்வீட் பாக்ஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பெட்டியை மேஜைமேல் வைத்தாள். எனக்கு நேர் எதிரே வந்தாள். குதிகாலைச் சேர்த்தாள். ஒரு சல்யூட் அடித்தாள் பாருங்கள், விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு கிழித்த மாதிரி. நாற்பது வருடத்தில் அப்படி ஒரு சல்யூட்டை நான் பத்துத் தடவை பார்த்திருந்தால் அதிகம்.

அவள் அப்போது ஃப்ளையிங் ஆபீஸர். தரைப்படையில் லெப்டினென்டுக்குச் சமம். நான் கேப்டன், ஹானரரியாக இருந்தாலும் கேப்டன் கேப்டன்தான். ஜூனியர் அடிப்பாள், சீனியர் வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்க வேண்டும். அதுதான் முறை. எனக்குத் தெரியாதா?

ஆனால் சார், என் தலையில் தொப்பி இல்லை. தொப்பி இல்லாமல் தரைப்படையில் சல்யூட் கிடையாது. அது மட்டுமா, வலது கையில் டீ டம்ளர். சூடு. கீழே வைக்க மேஜையில் இடம் இல்லை, ஸ்வீட் பாக்ஸ் இருந்தது. அதனால் தலையை ஆட்டினேன். ஆசீர்வாதம் மாதிரி. "உட்காரும்மா" என்றேன்.

உட்கார நாற்காலி? எனக்கு அடுத்த நாற்காலிதான் அவள் ரேங்குக்கு உரியது. அதில் சுபேதார் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தால் மூன்றாவது நாற்காலிக்கு வர வேண்டும், மூன்றாவது ஆள் நாலாவதுக்கு, இப்படி நாற்பது பேரும் ஒவ்வொரு இடம் நகர வேண்டும். வயதானவர்கள் சார், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. யாரும் எழுந்திருக்கவில்லை. அவளே புரிந்துகொண்டு உள்ளே போய் அப்பன் பக்கத்தில் நின்று டீ குடித்தாள். என்ன பணிவு பாருங்கள்! கிளம்பும்போது என்னைப் பார்த்து, "சாப் தாத்தா, பேப்பர் படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சந்தோஷமான நாள் அது.

தனகோட்டி மட்டும் அன்றைக்கு என் டம்ளரை எடுக்க வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்புறம் போன மாதம் அந்தச் செய்தி. எங்கள் செயலாளர் எத்திராஜ், ஹவில்தார் கிளார்க்காக இருந்தவன், போனில் சொன்னான். வேறு ஹேமாவதியாக இருக்கும் என்றேன். இல்ல சாப், அப்பா பேரும் போட்டிருக்கான் என்றான். நாட்டில் எத்தனை தனகோட்டி இருப்பார்கள் என்றேன். அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போன் சூடாகிவிட்டது.

விமானப்படைக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கொடி போர்த்திய பெட்டி. அவர்கள் முறைப்படி எல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரே திரண்டுவிட்டதால் போலீஸ் கயிறு கட்டிவிட்டது. நாங்கள் நாற்பது பேர் மெடல் எல்லாம் மாட்டிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றோம். சங்கம் என்று சொன்னோம். எந்தச் சங்கம் என்று கேட்டான் ஒரு கான்ஸ்டபிள். அவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கே முடிவு செய்தோம், பதினாறாம் நாள் நம் சங்கம் தனியாக இரங்கல் கூட்டம் நடத்த வேண்டும், யாரும் கயிறு கட்ட முடியாத மாதிரி நடத்த வேண்டும் என்று.

எத்திராஜ் ராத்திரி பகலாக உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயார் செய்தான். இரங்கல் உரையும் அவன்தான். 'ஒரு கிராமத்தைக் காப்பாற்ற விமானத்தை மணல் பக்கம் திருப்பித் தன் உயிரைத் தந்தாள்' என்று எழுதியிருந்தான். அப்படி யாரும் சொல்லவில்லையே, விசாரணை நடக்கிறதே என்றேன். "கிராமம் இல்லாம எப்படி சாப் முடிக்கிறது?" என்றான். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலர்வளையம் வைக்கும் வரிசை ரோலைப் பார்த்துப் போட்டது. ஒன்று, ஹானரரி கேப்டன் வரதராஜுலு. இரண்டு, சுபேதார் ஏகாம்பரம். இப்படியே நாற்பத்தொன்று, சிப்பாய் தனகோட்டி. அதற்குக் கீழே ட்யூட்டி லிஸ்ட். மைக், நாற்காலி, வரவேற்பு. கடைசி வரி, டீ: உறுப்பினர் எண் நாற்பத்தொன்று.

யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை சார். நாற்பது பேர் படித்தோம். எத்திராஜ் டைப் அடித்தான், நான் கையெழுத்துப் போட்டேன், நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். தனகோட்டியும் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தான். பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டான். "பால் எத்தனை லிட்டர் சாப்?" என்று மட்டும் கேட்டான்.

அப்போதுதான் எத்திராஜுக்கு உறைத்தது. "சாப், இவன்தான சாப் அப்பா" என்று என் காதில் சொன்னான். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஒட்டிய உத்தரவைக் கிழிக்க முடியுமா? அதைவிட, அவனே சரி என்று சொன்ன பிறகு நாம் மாற்றினால் அவனை அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா? நான் அவனுக்காகத்தான் பார்த்தேன்.

இப்போது முக்கியமான இடம் வருகிறது. இதை மனுவில் எழுதவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு. வரமாட்டான் என்று நினைத்து நான் ஷேவிங் செட் வாங்கி வைத்திருந்தேன். காலை ஏழு மணிக்கு, "சாப், வந்துட்டேன்." பெட்டியோடு நிற்கிறான். பெண் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் தீட்டு என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். நான் அதெல்லாம் பார்க்கவில்லை. வா என்றேன்.

நுரை போட்டான். கத்தியைத் தீட்டினான். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது. முகவாயை இரண்டு விரலால் தூக்கிக் கத்தியைத் தொண்டைமேல் வைத்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"சாப், ஒண்ணு கேக்கலாமா?"

நான் என்ன சொல்ல முடியும்?

"பாப்பா அன்னிக்கு உங்களுக்கு சல்யூட் அடிச்சுச்சு. நீங்க திருப்பி அடிக்கல."

கத்தி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிதானமாக. எப்போதும் போல.

"வீட்டுக்கு வந்து கேட்டுச்சு. நான் சரியா அடிக்கலையாப்பான்னு. சரியாத்தான் அடிச்சம்மா, சாப் கையில டம்ளர் இருந்துச்சுன்னு சொன்னேன். சரிப்பா, அடுத்த வாட்டி வாங்கிக்கிறேன்னுச்சு." கத்தியைத் துடைத்தான். மறுபடி வைத்தான். "எனக்கு மாலையெல்லாம் ஒண்ணும் வேணாம் சாப். டீ நான் போட்டுடறேன். நாப்பத்தொண்ணாவதா வரதும் பரவால்ல. நீங்க அந்த ஒரு சல்யூட்ட மட்டும் குடுத்துடுங்க. அதுக்குச் சேர வேண்டியது அது. அவ்ளோதான் சாப்."

நான் "உம்" என்றேன்.

கத்தி தொண்டையில் இருக்கும்போது தலையாட்ட முடியுமா சார்? வாயைத் திறக்க முடியுமா? "உம்" என்று ஒரு சத்தம் வந்தது. அதை அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். நான் வாக்குக் கொடுக்கவே இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "உம்" என்பது வாக்கு ஆகாது.

கேட் திறந்துவிட்டான். வண்டி கிளம்புகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், புழுதி.

கூட்டம் பத்தரைக்கு. ஒன்றியச் சேர்மன் வருவதாகச் சொல்லியிருந்தார், டிவிக்காரர்கள், பேப்பர்காரர்கள் வருவார்கள் என்று எத்திராஜ் சொல்லியிருந்தான். யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு ஆரம்பித்துவிட்டோம். மேடையில் ஒரு நாற்காலி, அதில் படம். படத்தில் அவள் தொப்பியோடு சிரிக்காமல் இருக்கிறாள். ஆனால் சிரிக்கப்போகிற முகம். எல்லோரும் சங்கத் தொப்பி போட்டிருந்தோம். நானும்தான். டம்ளரும் கையில் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பெயர் என்னுடையது. நடந்து போனேன். மலர்வளையத்தை வைத்தேன். ஓர் அடி பின்னால் வந்து நிமிர்ந்து நின்றேன். உள்ளே சமையல் மேடையிலிருந்து பால் கொதிக்கிற வாசனை வருகிறது. கதவுப் பக்கம் கரண்டியோடு தனகோட்டி நின்று பார்க்கிறான் என்று திரும்பாமலே எனக்குத் தெரிகிறது.

கை எழவில்லை சார்.

எனக்கு எதிரே இருந்தது ஃப்ளைட் லெப்டினென்ட் இல்லை. வெந்நீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு குழந்தை. அதற்கு எப்படி அடிப்பது? அதோடு, அடித்துவிட்டால் அது செத்துப்போனது உறுதியாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான யோசனை. வயசாகிவிட்டால் இப்படியெல்லாம் தோன்றும். சட்டப்படியும் பாருங்கள், ஃப்ளைட் லெப்டினென்ட் என்றால் கேப்டனுக்குச் சமம். சமமானவர்களுக்குள் கட்டாயம் இல்லை. அதனால் கை இரண்டையும் கூப்பினேன். வணக்கம் வைத்தேன். மரியாதைக்கு அதுவும் மரியாதைதானே?

இதன் விளைவை நான் யோசிக்கவில்லை. தலைவர் அடிக்காதபோது கீழே உள்ளவன் எப்படி அடிப்பான்? ஏகாம்பரம் போனார். பாதிவரை தூக்கிய கையை என்னைப் பார்த்துவிட்டு இறக்கிக் கும்பிட்டார். மூன்றாவது ஆளும் கும்பிட்டான். நாலாவதும். இப்படியே நாற்பது பேர் சார். நாற்பது பட்டாளத்துக்காரர்கள் யூனிஃபார்மில் இருக்கிற ஓர் ஆபீஸருக்கு வரிசையாக வந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி, வாங்க வாங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒழுங்கு அப்படி.

"உறுப்பினர் எண் நாற்பத்தொன்று" என்று எத்திராஜ் மைக்கில் கூப்பிட்டான்.

தனகோட்டி கரண்டியை வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு வைத்திருந்த வளையத்தை எடுக்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று ஒரு சல்யூட் அடித்தான். பார்பருக்கு அப்படி அடிக்கத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சவரம் முடிந்ததும் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, போதுமா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பான். அந்த மாதிரி.

நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவன் படத்தின் பக்கம் குனிந்தான். "வா பாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றான். கூட்டத்தில் தூங்கிப்போன குழந்தையைத் தூக்குவார்களே, அப்படி இரண்டு கையாலும் எடுத்துத் தோள்மேல் சாய்த்துக்கொண்டான். எல்லோருக்கும் நடுவில் நடந்து போய்விட்டான்.

ஒருத்தராவது தடுத்தார்களா? ஏகாம்பரம் வழிவிட்டு நாற்காலியை நகர்த்தினார்! அன்றைக்கு முழங்கால் வலிக்கவில்லை போலிருக்கிறது.

உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அந்தப் புகை வாசனை. யாரும் எழுந்து போகவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு கார் வந்து நிற்கிறது. சேர்மன், டிவிக்காரர், பேப்பர்காரர், எல்லோரும். எத்திராஜ் ஓடிவந்து, "சாப், கூட்டு சல்யூட் பாக்கி இருக்கு, நிரல்ல போட்டிருக்கு, என்ன செய்ய?" என்கிறான். நாற்காலியில் உதிர்ந்த பூ ஒன்றிரண்டுதான் கிடக்கிறது. சுற்றிலும் நாற்பது வளையம். என்ன செய்ய முடியும்? நிரலில் போட்டது போட்டதுதான்.

எழுந்தேன். "சாவ்தான்" என்றேன். நாற்பது பேரும் விறைத்து நின்றார்கள். "சல்யூட்" என்றேன்.

என் கை எழுந்தது சார். அதுவாகவே எழுந்தது. நான் தூக்கின மாதிரியே இல்லை. காலி நாற்காலி என்று கண்ணுக்குத் தெரிகிறது, கை புருவத்துக்கு வந்து நின்றுவிட்டது. ஒரு நடுக்கம் இல்லை. எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு சல்யூட் அடிப்பேன் என்று நானே நினைக்கவில்லை. நேராக இருந்தது. அவளுடையது மாதிரி.

அந்தப் போட்டோதான் மறுநாள் பேப்பரில் வந்தது. பார்க்கிறீர்களா? இதோ. நாற்காலி படத்தில் விழவில்லை, பாருங்கள். எங்கள் கைகள் மட்டும்தான் இருக்கின்றன. நாங்கள் யாருக்கு அடிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. 'வீராங்கனைக்குப் படைவீரர்கள் மரியாதை' என்று கீழே போட்டிருக்கிறான். தப்பென்று சொல்ல முடியுமா?

ஆகவே, கொடுக்க வேண்டியதை நான் கொடுத்தாகிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள அவன்தான் இருக்கவில்லை. இந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அவன் சலூனுக்கும் போனேன். சும்மா, காட்டலாம் என்று. அவன் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. துண்டை உதறினான். "சாப், நீங்க உக்காருங்க, கடைசியாத்தான் உங்களுக்கு" என்றான். எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டான். மூன்று பேர். நாலு பேர். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பது வருடப் பழக்கம் சார். முகவாயில் இந்தப் பிளாஸ்திரியைப் பார்க்கிறீர்களே, நானே பண்ணிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் மனு எழுதினேன். தனகோட்டியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று. மீதி முப்பத்தொன்பது பேரிடமும் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ஒருவன் பேனா இல்லை என்றான். ஒருவன் கண் தெரியவில்லை என்றான். ஏகாம்பரம் கதவையே திறக்கவில்லை. பரவாயில்லை, தலைவர் கையெழுத்து ஒன்று போதும்.

ஆனால் இரண்டாவது ஒரு புகாரும் இருக்கிறது சார். இது எத்திராஜ் மேல்.

சல்யூட் அடித்த பிறகு கையை இறக்க உத்தரவு கொடுக்க வேண்டும். யார் உத்தரவு கொடுத்து ஏற்றினாரோ அவர்தான் இறக்கவும் சொல்ல வேண்டும். அதுவரை ஒருவன் இறக்க மாட்டான், விழுந்து செத்தாலும் இறக்க மாட்டான். அன்றைக்கு நான் சொல்லவில்லை. மறந்தேனா என்னவோ, தெரியவில்லை. அந்தப் பெண் எனக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிற மாதிரியே இருந்தது, முதலில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. கை தூக்கின நாற்பது கிழவர்கள். நாலு நிமிஷம் என்கிறான் ஒருவன், ஏழு என்கிறான் ஒருவன். பின்னால் மெடல் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம், யாரோ விசும்புகிற சத்தம். ஒருவரும் இறக்கவில்லை.

எத்திராஜ்தான் வரிசையை விட்டு வந்தான். வந்து என் முழங்கையைப் பிடித்து, "இறக்குங்க சாப். அங்க யாருமில்ல" என்று சொல்லி இறக்கிவிட்டான்.

அவன் ஹவில்தார். நான் கேப்டன். சல்யூட்டில் இருக்கிற சீனியரின் கையைத் தொட்டு இறக்குவது எப்பேர்ப்பட்ட ஒழுங்குமீறல்! அதை இரண்டாவது பாராவாகச் சேர்த்திருக்கிறேன். நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது. வேலூர் வருவதற்குள் ஒருமுறை படித்துப் பாருங்கள் சார், சத்தமாகவே படியுங்கள். அந்தப் பாரா வந்தாலே எனக்குக் கண்ணாடி மங்கிவிடுகிறது, என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிய மாட்டேன் என்கிறது.